இரண்டு நொடிக்கு ஒரு வட்டம்

கம்ப்யூட்டரில் சிக்னல் அலை போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு வட்டம் வரைய வேண்டும். உள்ளே நிறம் வேண்டாம், ஓரக்கோடு மட்டும் போதும். ஆரம்பத்தில் அதன் அளவு சைபர், ஆறு நொடி கழித்து நூறு. பெரிதாகப் பெரிதாகக் கோடு மங்கிக்கொண்டே போய், கடைசியில் இல்லாமல் ஆகிவிட வேண்டும். அதையே இன்னும் இரண்டு நகல் எடுத்து, இரண்டு இரண்டு நொடி தள்ளி வைத்தால், ஒரு புள்ளியிலிருந்து வட்டம் வட்டமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடச் சொல்லி ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். எழுதிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு செய்தி சேனலின் கிராஃபிக்ஸ் அறையில் பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். பூகம்பத்துக்கும் இதே வட்டம், வைஃபை விளம்பரத்துக்கும் இதே வட்டம். நிறம்தான் வேறு. என் அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பெரியவன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "டிவியில பொம்மை போடுறான்" என்பார். சின்னவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். சின்னவன் என் தம்பி. சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. அவன் பார்த்த துறைமுகங்களை எல்லாம் அப்பா பஸ் ஸ்டாப் மாதிரி வரிசையாக ஒப்பிப்பார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அப்பா ஆபீசுக்குப் போன் பண்ணினார். "சின்னவன் கப்பலைக் காணோமாம்டா. கம்பெனியிலேர்ந்து பேசினாங்க."

"எந்தக் கப்பலை?" என்று கேட்டேன். என்னமோ அவனுக்குப் பத்துக் கப்பல் இருக்கிற மாதிரி.

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே இல்லை. போனை வைத்துவிட்டு டீ குடித்தேன். சர்க்கரை போடவில்லை என்பது கோப்பை காலியான பிறகுதான் தெரிந்தது.

பத்தரைக்கு எங்கள் செய்தி ஆசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். "கப்பல் ஒண்ணு மிஸ்ஸிங். இருபத்திரண்டு பேர். அபாய சிக்னல் நாப்பது நிமிஷம் வந்துட்டு நின்னுடுச்சாம். கடைசியா வந்த இடத்துல ஒரு புள்ளி, சுத்தி அலை, சிவப்புல. பதினோரு மணி செய்திக்கு வேணும்."

"சார், அதுல என் தம்பி இருக்கான்" என்றேன்.

அவசரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. என் தோளைப் பிடித்து, "நீ முதல்ல வீட்டுக்குக் கிளம்பு" என்றார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி, "போறதுக்கு முன்னாடி அந்த அலையை மட்டும் முடிச்சுக் குடுத்துடு" என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் போய் யார் முகத்தைப் பார்ப்பது? வைஃபை விளம்பரத்துக்குப் போட்ட பழைய நீல அலையைத் திறந்து சிவப்பாக்கி, வரைபடத்தில் கடல்மேல் வைத்தேன். இருபது நிமிட வேலை. பதினோரு மணியிலிருந்து அது திரை ஓரத்தில் இரவும் பகலும் ஓடியது. பிறகு காணாமல் போனவர்கள் பட்டியல் வந்தது. அதையும் நானே அடித்தேன். பதினாறாவதாக இருந்த தம்பி பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினேன்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வேலைக்குப் போனேன். உடன் வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். என் முன்னால் யாரும் சிரிக்கவில்லை. எனக்கென்னவோ அவர்கள்மேல்தான் எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள் அவசரம் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா எடுத்துக்காதே. அலை தூங்கி வழியுது. கொஞ்சம் உயிர் குடுக்க முடியுமா?" ஆறு நொடியை மூன்று நொடியாக்கினேன். இடைவெளியையும் பாதியாக்கினேன். கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். நிஜமாகவே உயிர் வந்த மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா டிவிக்கு முன்னால், கை நீட்டினால் திரையைத் தொடுகிற தூரத்தில், உட்கார்ந்திருந்தார். கையில் வாட்சைக் கழற்றி வைத்திருந்தார். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாதவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"வாடா, வா. இங்க பாரு. நேத்து வரைக்கும் ரெண்டு நொடிக்கு ஒரு வட்டம். நிமிஷத்துக்கு முப்பது. இன்னைக்கு அறுபது வருது! மூணு தடவை எண்ணிட்டேன். சிக்னல் பலமாயிடுச்சுடா. கிட்ட வந்துட்டான்."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அந்த அலையைப் போடுவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா அன்று தட்டு நிறையச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"இன்னைக்கே சொல்லிடுங்க" என்றாள் மனைவி, பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில்.

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொன்னேன்ல? உயிரை வாங்காதே."

சொல்லவில்லை. அப்பா மறுபடி பட்டினி கிடப்பாரே என்று பயந்தேன், அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இந்தப் பத்து வருடத்தில் நான் போட்ட எதையும் அப்பா இப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. தம்பி கடலில் கிடக்கிறான், எனக்கு அது உள்ளுக்குள் எங்கேயோ இனித்தது. த்தூ!

அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். பக்கத்து வீட்டு மெக்கானிக்கை உட்காரவைத்து எண்ணிக் காட்டினார். அவரும் வட்டத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, "ஆமாங்க, வந்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாத்ரூம் போகும்போதுகூட அப்பா, "ஒரு நிமிஷம் நீ பார்த்துக்கோ" என்று யாரையாவது திரைக்கு முன் நிறுத்திவிட்டுத்தான் போவார். நானும் நின்றேன். நான் போட்ட வட்டத்துக்கு நானே காவல்.

ஒன்பதாம் நாள் அவசரம் வந்து, "அலை கண்ணைக் குத்துதுன்னு மேலிடத்துல சொல்றாங்க. பழையபடி மெதுவாவே விட்டுடு" என்றார். சரி சார் என்று மண்டையை ஆட்டினேன். நிமிடத்துக்கு முப்பது என்று குறைந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைத் தொடவே இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான்.

பதின்மூன்றாம் நாள், பகல் பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கப்பலின் உடைந்த பாகங்கள் கிடைத்தனவாம். ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை.

அவசரம் இந்தத் தடவை கதவைத் தள்ளவில்லை, தட்டிவிட்டு வந்தார். "ஒரு மணி செய்தியிலேர்ந்து அலை வேண்டாம். வெறும் புள்ளி போதும். வேற யாரையாவது பண்ணச் சொல்லவா?"

"வேண்டாம் சார். நானே பண்றேன். ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் ஓடவில்லை.

"அப்பா, டிவியை நிறுத்துங்க."

"சத்தத்தைக் குறைக்கிறேன், சொல்லு."

"தேடுறதை நிறுத்திட்டாங்கப்பா."

"எவன் சொன்னான்? அதான் வந்துக்கிட்டே இருக்கே."

"அது நான் போட்டது."

"எது?"

"அந்த வட்டம். சிக்னல் முதல் நாளே நின்னுடுச்சுப்பா, நாப்பது நிமிஷத்துல. இது என் கம்ப்யூட்டர்ல நான் போட்டது. அது பாட்டுக்கு ஓடும்."

"வேகமாச்சே?"

"அதையும் நான்தான் பண்ணேன். பார்க்க நல்லா இருக்கணும்னு கேட்டாங்க."

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று நினைத்தேன். ஓடுகிற பஸ்ஸைக் கத்தி நிறுத்திய குரல் அது. ஆனால் ரொம்பத் தணிவாகக் கேட்டார்.

"அப்போ அது உன் கையிலதான் இருக்கா?"

"ஆமாப்பா."

"அப்படின்னா நிறுத்தாதே."

"அப்பா, அதுல ஒண்ணும் இல்லப்பா. வெறும் படம்."

"இருக்கட்டும். உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. அது ஓடட்டும். நிறுத்திடாதே."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு வட்டமும் ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு. ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் அந்த லேயர் மறைந்துவிடும். மூன்று வட்டம், மூன்று தடவை அமுக்கினேன். புள்ளி மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன். ஒரு மணி செய்தி ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. அப்பா. அடித்து அடித்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது. அக்கம்பக்கத்தவர்கள் வந்திருந்தார்கள். அப்பா அதே நாற்காலியில் இருந்தார். டிவி அணைந்திருந்தது. மெக்கானிக் மெதுவாக, "சிக்னல் நின்னுடுச்சாமே" என்றார்.

"தானா ஒண்ணும் நிக்கல" என்றார் அப்பா. "இவன்தான் நிறுத்திட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி பதறிப்போய், "மாமா, அவர் என்ன பண்ணுவார், அவரைப் போய்..." என்று ஆரம்பித்தாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். லூப், லேயர் என்று அந்தக் கூட்டத்துக்குப் பாடம் எடுத்திருக்கலாம். என்ன பிரயோஜனம்?

"ஆமாப்பா" என்றேன். "நான்தான் நிறுத்தினேன்."

அப்பா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். சின்ன வயதில்கூட எங்கள் இருவர் மேலும் கை வைக்காத மனுஷன். மறுபடி அறைந்தார். தோளில், நெஞ்சில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் அடித்தார். மெக்கானிக் ஓடி வந்து பிடித்தார். "விடுங்க அவரை" என்று நான் கத்தினேன். அவர் விட்டுவிட்டார்.

கன்னம் எரிந்தது. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. வலி தாங்க முடியவில்லை. சின்னவன் இனி வரமாட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நின்ற இடத்திலேயே ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"தம்பி போயிட்டான்பா."

அப்பா கையை நிறுத்தவில்லை.

"தெரியும்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். "தெரியும்டா. தெரியும்டா."