மூன்று தட்டு

காலையில் கழற்றிய பூட்டைப் பூட்டுக்காரர் அக்காவின் அறைக் கதவில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று திருகாணி ஏறிவிட்டது. நான்காவது கைநழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. கட்டிலில் அக்கா, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். திருகாணியை எடுக்க வேண்டுமானால் அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிய வேண்டும். அவர் குனியவில்லை.

"அண்ணே, இப்ப எதுக்கு இந்த வேலை?" என்றான் சித்தப்பா மகன். செய்தி கேட்டதும் முதலில் ஓடிவந்தவன் அவன்தான். நாற்காலி, தண்ணீர், வண்டி எல்லாம் அவன் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தது. "மூணு மணிக்கு வண்டி வந்துடும். தூக்கிட்டுப் போறப்ப இடிக்கும், விடுங்க."

"பூட்டு இல்லாம கதவு மொட்டையா இருக்குடா."

அந்தப் பூட்டை அக்காவுக்கு அவரே செய்து கொடுத்திருந்தார். அதை அவள் தினமும் பூட்டுகிறவள் இல்லை. தம்பியான இவர்மேல் கோபம் வந்தால் மட்டும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வாள். நேற்றுச் சாயங்காலம் பூட்டிக்கொண்டாள்.

அக்கா பேருந்துப் பணிமனையில், பயணிகள் தொலைத்த பொருள்களை வைக்கும் அறையைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "யாராவது தொலைச்சுட்டுப் போனா எடுத்து வச்சுக்கறேன்" என்பாள். 'கண்டெடுத்தது' என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினாள். காலையில் ஒரு வேடிக்கை. 'இந்த வாரம் பதினோரு ஒற்றைச் செருப்பு, அத்தனையும் இடது கால். வலதெல்லாம் எங்கே நடந்துகொண்டிருக்கின்றன?' இப்படி. சனிக்கிழமை மட்டும் கவிதை. மூன்று வரி போட்டு நான்காவதை வாசகர்களிடம் விட்டுவிடுவாள். தன் வரியை முன்கூட்டியே எழுதி, உறையில் ஒட்டி, உறையைப் படம் எடுத்துப் போடுவாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பிரிப்பாள். ஒருமுறை ஒருத்தர், என் வரியைத் திருடிவிட்டாய் என்று சண்டைக்கு வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

நேற்றைய சண்டை அந்தப் பக்கத்தால்தான் வந்தது. பூட்டுக்காரர் பேருந்தில் சாவிக்கொத்தை விட்டுவிட்டார். அது அக்காவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவள் சும்மா இருப்பாளா? 'கண்டெடுத்தது: ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கிறவரின் வீட்டுச் சாவி' என்று போட்டுவிட்டாள். கடைக்கு வந்த ஒரு ஆள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

"உன் கிறுக்கலை எவன் படிக்கிறான்?" என்று அவர் வீட்டுக்கு வந்து கத்தினார். "ஒரு நாள் போடாம இருந்து பாரு. ஒரு நாய் உன்னைத் தேடாது."

அக்கா உள்ளே போனாள். பூட்டு விழுந்தது. அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். சின்ன வயதிலிருந்தே அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று தட்டு தட்டினால் 'வா'. பதிலுக்கு இரண்டு தட்டினால் 'வர்றேன்'. இன்று விடிகாலை ஐந்தரைக்குச் சுவர் மூன்று முறை தட்டியது. பூட்டுக்காரர் விழித்துத்தான் இருந்தார். சமாதானத்துக்கு வருகிறாள், வேண்டுமென்றால் எழுந்து வரட்டும் என்று போர்வையை இழுத்துக்கொண்டார். எட்டு மணிக்கும் கதவு திறக்காததால் பூட்டைக் கழற்றினார்.

மருத்துவர் அம்மா வந்து பார்த்தார். "தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கு. உடம்பு விறைச்சிருக்கறதைப் பார்த்தா மூணு மணிக்கு முன்னாடியே போயிருப்பாங்க. நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க, யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"மூணா?" என்றார் பூட்டுக்காரர்.

"அதுக்கு மேல இருக்காது."

ஐந்தரை என்று சொல்ல வாய் எடுத்தவர், சுவரைத் திரும்பிப் பார்த்தார். பூட்டுக்குள் முள் விழும் சத்தத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவர் அவர். குழாய்ச் சத்தமும் எலிச் சத்தமும் அவருக்குத் தெரியும். அது அக்காவின் விரல் முட்டி. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட, போர்வையை இழுத்தது வெட்கமாக இருந்தது.

அக்காவின் தலைமாட்டில் போன் 'டிங்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். வந்திருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவள் கை நீட்டி எடுப்பாள் என்பதுபோல.

சித்தப்பா மகன் எடுத்தான். "பூட்டுக்கூடப் போடலையே இதுக்கு."

"'வீட்டுல ஒரு பூட்டுக்காரன் போதும்'னு சொல்லுவா" என்றார் பூட்டுக்காரர்.

"நேத்து ராத்திரி கவிதை போட்டிருக்காங்கண்ணே." அவன் படித்தான்.

'சுவருக்கு அந்தப் பக்கம் நீ,
இந்தப் பக்கம் நான்.
மூன்று தடவை தட்டுகிறேன்—'

பூட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளியைச் சட்டைப்பையில் வைத்தார். அது உள்ளே போக இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"அறுபது பேர் நாலாவது வரி எழுதியிருக்காங்க. 'நீ இரண்டு தட்டு தட்டு'ங்கறான் ஒருத்தன். 'வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுகிறார்'ங்கறான் இன்னொருத்தன்." அவனுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். "'ஜன்னலோரம்'னு ஒரு பேரு. 'தூங்குவதுபோல் நடிக்கிறாய்.' பாருங்கண்ணே, காலங்காத்தால அஞ்சரைக்கு உக்காந்து எழுதியிருக்கு."

"யாரு அது?"

"யாருக்குத் தெரியும்? பேரும் இல்ல, படமும் இல்ல. அண்ணே, அக்கா போயிட்டாங்கன்னு ஒரு வரி போட்டுடவா?"

"வேண்டாம். ஆறு மணி ஆகட்டும்."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. பூட்டு இடிக்கத்தான் செய்தது. பூட்டுக்காரர் திருப்புளியை எடுத்து, மாட்டிய மூன்று திருகாணியையும் மறுபடி கழற்றி வழிவிட்டார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது ஆறுக்கு ஐந்து நிமிடம். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. 'அக்கா, உறை தயாரா?' 'இன்று காலை வேடிக்கையும் வரவில்லையே?' 'உடம்பு சரியில்லையா அக்கா?' 'யாராவது போய்ப் பாருங்களேன்.' பூட்டுக்காரர் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் படித்தார். முகம் தெரியாத ஒரு ஊரே அவளைத் தேடிக்கொண்டிருந்தது.

உறை அவள் மேசையில், கடிகாரத்துக்கு அடியில் இருந்தது. ஓரம் கிழியாமல் மெல்லப் பிரித்தார். அக்காவின் உருண்டைக் கையெழுத்து.

'எழுந்து வராதே, சும்மாதான்.'

அவர் தாளை நீட்டினார். சித்தப்பா மகன் அந்தத் தாளை வாங்கிப் படம் எடுத்தான். "கீழ என்னண்ணே எழுதறது?"

"அக்கா நம்மளை விட்டுப் போயிட்டா. தம்பி எழுதறேன். உங்களைத் தேட வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. அவ்வளவுதான்."

போட்டு முடித்ததும் அவன் இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். "தனியா இருப்பீங்களா?"

"இருப்பேன். போயிட்டு வா."

அவர் தன் அறைக்கு வந்து, சுவரோரம் கிடந்த கட்டிலில் சாய்ந்தார். போர்வை காலையில் இழுத்த மாதிரியே கிடந்தது. அதை மடித்து வைத்தார். தாள் மட்டும் கையில் இருந்தது. அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பக்கத்து அறையில் போன் ஒரேயடியாக அடித்து, பிறகு அடங்கிவிட்டது.

சுவர் மூன்று முறை தட்டியது.

பூட்டுக்காரர் தாளைத் தலையணைமேல் வைத்தார். விரல் முட்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினார்.

"வந்துட்டேன்க்கா" என்று எழுந்தார்.