குளியலறைக்குள் வந்த லாரி

“எங்க வீட்டுக் குளியலறையில வச்சு ஒரு லாரி என்மேல மோதிச்சு” என்றார் மாமா, ஈரத் துணியைப் பிழிந்தபடியே.

அலுவலகக் கட்டடத்துக்கு அடியில், முதலாளிகள் இறங்கி வரும்வரை காத்துக் கிடக்கும் டிரைவர்களுக்கு இதைவிட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கழிப்பறையைக் காட்டுவார்கள், அடுத்து மாமாவைக் காட்டுவார்கள். போன மாதம் அது வெறும் லாரி. இப்போது அதில் செங்கல் ஏறியிருந்தது, பின்னால் ஒரு டிரெய்லரும் தொற்றிக்கொண்டிருந்தது. நாளைக்கே அது கப்பலாகி, தண்ணீர்த் தொட்டியில் நங்கூரம் போட்டாலும் கேட்க ஆள் தயார். லாரிக்காரன் கதவைத் தட்டினானா என்று ஒருவன் கேட்டான்.

“தட்டல. நாகரிகம் தெரியாத பய.”

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மச்சினன். அக்கா புருஷனை ஊரே மாமா என்று கூப்பிட்டுச் சிரிப்பதை நின்று பார்ப்பது அவன் தலையெழுத்து. மாமா முன்பு ஓட்டிய காரைத்தான் அவன் ஓட்டினான். வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், மாமா அதே காரைக் கழுவினார்.

“வழுக்கி விழுந்தேன்னு சொன்னா என்ன மாமா குறைஞ்சுபோவீங்க? முதலாளி சொல்றார். அக்காவும் அதைத்தான் சொல்றா.”

“வழுக்கினேன்தான் மாப்ளே. காரோட வழுக்கினேன்.”

லாரியின் நீளத்தைக் கூட்டாமல், ஒரே ஒரு முறை, மாமா அவனிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்திருந்தார். காருக்கு இன்சூரன்ஸ் எடுத்த அன்று, இது ‘ஓனர் டிரைவர்’ பாலிசி என்று முதலாளி சொன்னார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓனருக்கும் டிரைவருக்கும் சேர்த்து ஒரே பாலிசி! முதலாளியோடு ஒரே இலையில் உட்கார்ந்த மாதிரி. இனி நான் செத்தாலும் நீ ராணிதான் என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அவளும் கொஞ்ச நாள் ராணி மாதிரியே அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

ஓனரே டிரைவர் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று, லாரி மோதிய பிறகுதான் தெரிந்தது. இந்தக் காரை நான் மட்டுமே ஓட்டுவேன் என்று எழுதிக்கொடுத்து முதலாளி மலிவாக எடுத்தது அது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் காருக்குச் சல்லிக்காசு வராது. ஆகவே பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த முதலாளி அன்று கார் ஓட்டினார். ஓட்டிக்கொண்டிருந்த மாமா அன்று வீட்டில் குளித்தார். அப்படிச் சொன்னால்தான் காரைக் கழுவும் வேலையாவது மிஞ்சும் என்பதால் அவர் பெண்டாட்டியும் அப்படியே சொன்னாள்.

மச்சினன் முழுக்கக் கேட்டுவிட்டு, “பழைய கதையே தேவலை மாமா” என்று சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு போனான்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன லாரி நின்றது. கார் நிற்கவில்லை.

மாமா காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் பெண்டாட்டி தம்பியின் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முதலாளி கொண்டுவந்த பழம். அவளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, அவனிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனாராம். கழுத்தில் சுளுக்காம் அவருக்கு.

“மாடிப்படியில உருண்டுட்டான்” என்றாள், தலை நிமிராமல். குளியலறையில் விழுந்துவிட்டார் என்று முன்பு எல்லோரிடமும் சொன்ன அதே குரல்.

“எந்த மாடி? நமக்கு மேல தகரம்தானே இருக்கு?”

நர்ஸ் வந்து சட்டையை விலக்கி மருந்து தடவினாள். வலது தோளில் தொடங்கி இடது இடுப்புவரை, மூன்று விரற்கடை அகலத்தில் கருநீலமாக ஒரு பட்டை. வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

நர்ஸ் போகும்வரை மாமா பொறுத்திருந்தார்.

“மாடிப்படியில எவன்டா உனக்கு பெல்ட் மாட்டிவிட்டான்?”

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மச்சினன் கூரையைப் பார்த்தான்.

“காரைக் காப்பாத்தினாத்தானே உன்னைக் காப்பாத்த முடியும்னார். வேலை இருக்காம். கழுவ ஒரு கை போதுமாம்.”

“அப்ப நான்?”

“நான் கழுவணும், நீங்க துடைக்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.”

மாமா ஒரு சுளையை எடுத்தார்; பிறகு அதைத் தட்டிலேயே வைத்தார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் வாயில் வரவில்லை. அதை மச்சினன்தான் சொன்னான்.

“குளியலறைக்குள்ள லாரி வந்தது நெசம்தான் மாமா.”