கயிறு கட்டிய மல்லாட்டை

மயிலத்துக்கு மேற்கே அந்த ஊரில் இருநூற்றுச் சொச்சம் மல்லாட்டைக் கொல்லைகள், எல்லாம் வேர்க்கடலை போட்ட நிலம். அத்தனையையும் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் குலுக்கலில் சூசை மேரியின் சர்வே நம்பர் விழுந்தது. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த இசைவாணி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நாலு முளை அடித்துக் கயிறு கட்டினாள்.

"இதுக்குள்ள வெளையறதுதாம்மா ஊருக்கே கணக்கு. அறுப்பன்னிக்கு நான் வர்றேன்."

ஊரே காய்ந்து கிடக்கிறதா, விளைந்து கிடக்கிறதா என்று அந்தக் கயிற்றுக்குள் நிற்கிற செடிதான் சொல்லப் போகிறதாம்! கேட்டால் புள்ளியியல் என்பார்கள். விளைச்சல் குறைந்தால் எல்லாருக்கும் பயிர் இன்சூரன்ஸ். தேறிவிட்டால் ஒருவருக்கும் ஒரு பைசா கிடையாது.

இதெல்லாம் மேரி காதில் எங்கே விழுந்தது? 'வர்றேன்' என்றது மட்டும்தான் விழுந்தது. புருஷன் போய் ஆறு வருஷம். மகன் ஆண்டோ திருப்பூரில். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதோடு சரி. அவளைத் தேடி வருகிறேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வருகிறவள் கண்ணில் வாடின செடியா படுவது? மழை பொய்த்த அந்த வருஷத்தில், தெருக்குழாயில் பிடித்துத் தினமும் பன்னிரண்டு குடம் சுமந்தாள், பைத்தியக்காரி. கயிற்றுக்குள் மட்டும் ஊற்றினாள்.

அறுப்பன்று ஊரே அவள் கொல்லையில் கூடியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய குண்டானில் டீ போட்டு வைத்திருந்தாள். செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, எடை போட்டார்கள். ஆறு கிலோ இருநூறு. இசைவாணி போட்டோ எடுத்து, போனில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

"எங்குளுதுல செடிக்கு மூணு காய் இல்ல. இங்க மட்டும் எப்படிக்கா?" என்றான் பக்கத்துக் கொல்லை அப்பாதுரை.

"தெனம் தண்ணி ஊத்திக்கினு வந்தேன் இல்ல!" என்றாள் மேரி பெருமையாக.

அப்பாதுரை இசைவாணியிடம் ஓடினான். "மேடம், அத்த அழிச்சிடுங்க."

"போனது போனதுதாங்க. மேல எழுதிப் பாக்கறேன். ஆனா மாத்த மாட்டாங்க. கணக்குப்படி உங்க ஊரு நல்லா வெளஞ்ச ஊரு."

மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. யாராவது நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். ஒவ்வொருவராகக் கிளம்பி நடந்தார்கள்.

"டீ போட்டுக்கீறேன், குடிச்சிட்டுப் போங்க!" என்று வரப்பு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். ஒருவரும் திரும்பவில்லை.

கயிற்றுக்கு வெளியே அவள் கொல்லையும் கருகித்தான் கிடந்தது. அதைச் சொல்லி அழ ஆள் இல்லை.