மியூரியல் படித்த எண்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் முதல் பீர் பாட்டில் வெடித்தது. அடுத்த நிமிடமே இன்னொன்று. டென்னிஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். மூன்றாவது பாட்டில் அவருடைய முன்கையைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்து டென்னிஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இந்த பர்ட்டன் ஊர்ல திரும்புன பக்கமெல்லாம் பீர் ஃபேக்டரி. இருபது வருஷமா அந்த பீரை லாரியில ஏத்திக்கிட்டுப் போறவன் நான். என்னை என் வீட்டு பீரே கிழிச்சுட்டுது. நாளைக்கு டிப்போவுல போய் எப்படிடி சொல்லுவேன்?"

"நான் அவசரப்பட்டு அடைக்கலை, டென்னிஸ். மூணு நாள் பாத்தேன். மூணு நாளும் மிதவை ஆயிரத்து எட்டுதான் காட்டுச்சு. இறங்காம அதே இடத்துல நின்னுச்சு. அப்புறம்தான் பாட்டில்ல ஊத்தினேன்" என்றாள் அவர் மனைவி.

மியூரியல் ஹார்ட்சார்னுக்கு ஐம்பத்தாறு வயது. ஊர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கலவை அறையில் பத்தொன்பது வருட வேலை. வீட்டில் பீர் காய்ச்சுவதையும் அவள் அந்த வேலையைப் போலவேதான் செய்வாள். நோட்டுப் போட்டு, தேதி எழுதி, கண்ணாடி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அளவு பார்ப்பாள். சர்க்கரை மிச்சமிருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும். புளித்து முடியமுடிய அமிழும், அது காட்டும் எண் குறையும். எண் இறங்குவது நிற்கும் முன்னே அடைத்துவிட்டால் பாட்டிலுக்குள் வாயு சேர்ந்துகொண்டே போகும்.

"அப்ப அந்தக் கண்ணாடிக் குச்சிதான் பொய் சொல்லுது" என்றார் டென்னிஸ்.

அது அவளுக்குச் சுருக்கென்றது. உயரமான ஜாடியில் தண்ணீர் நிரப்பினாள். வெப்பமானியை விட்டு அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் வரும்வரை பொறுத்தாள். மிதவையை இறக்கி, ஒட்டியிருந்த குமிழிகள் உதிர அதை விரலால் ஒரு சுழற்று சுழற்றினாள். அது அடங்கியதும் முழங்காலை மடக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள்.

"ஆயிரம். வெறும் தண்ணியில ஆயிரம் காட்டணும், காட்டுது. நீயே பாரு."

டென்னிஸ் குனிந்து பார்த்தார். ஆயிரம்தான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, கருகிப்போன இறைச்சியை வெளியே எடுத்தாள். மறுபடி மேசைக்கு வந்தபோது அவர், "இன்னொரு தடவை படியேன்" என்றார்.

"எத்தனை தடவை படிச்சாலும் அதேதான்." குனிந்து பார்த்தாள். "ஆயிரம்."

"கோட்டை நல்லா பாத்தியா?"

"தண்ணி ஓரத்துல கண்ணாடியில ஏறி வளைஞ்சிருக்கும். அந்த மேல் விளிம்பைப் பாக்கக் கூடாது, கீழ் மட்டத்தைப் பாக்கணும். எனக்கே சொல்லித் தர்றியா?"

"மியூரியல், நான் அதுல ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கியிருக்கேன். ஆயிரத்து ஏழுல நிக்குது."

அவள் மறுபடி குனிந்தாள். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தாள். ஏழு. இரண்டு கண்ணாலும் பார்த்தபோது, நடுவில் இருந்த கோடுகள் வளைந்து, ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. அந்தக் குழைவுக்குள் அவள் கோட்டைப் பார்க்கவில்லை. தண்ணீரில் என்ன வரவேண்டும் என்று தெரிந்ததால் அதைச் சொல்லியிருக்கிறாள். பீரிலும் அப்படித்தான். முதல் நாள் எட்டு என்று எழுதினாள். அடுத்த இரண்டு நாளும் எழுதியதையே படித்திருக்கிறாள்.

ஜன்னல் சட்டம் நெளிந்து தெரிவது அவளுக்கு ஜூன் மாதத்திலிருந்தே தெரியும். மூக்குக் கண்ணாடி பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

"இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போயிட்ட?" டென்னிஸின் குரல் இறங்கியிருந்தது. "தையல் ஆறிடும். பீரைக் கொட்டிடலாம்."

"டென்னிஸ், நான் அங்கே வேலையிலயும் இப்படித்தான் குனிஞ்சு பாக்குறேன்."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறியது.

திங்கட்கிழமை காலை போட்டிருந்த மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், தலைமை மருந்தாளுநர் பார்கெட்டரின் முன் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு அளவு ஜாடியை நீட்டினார்.

"ஐம்பது மில்லி தண்ணி எடுங்க, மிஸஸ் ஹார்ட்சார்ன்."

எடுத்தாள். தராசில் வைத்தார். சரியாக ஐம்பது கிராம் இருக்கவேண்டும். ஐம்பத்து நாலு கிராம். இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். நாற்பத்தேழு.

"எப்பலேருந்து?"

"ஜூன்லேருந்து, சார்."

"ஜூன்லேருந்தா! இப்ப நவம்பர். அஞ்சு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவள் போய் மருந்துக் கலவைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

அன்று முழுக்க இருவரும் பதிவேட்டைப் புரட்டினார்கள். பெரும்பாலானவை இருமல் மருந்து, வயிற்று மருந்து. கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. ஒரு வரியில் மட்டும் பார்கெட்டரின் விரல் நின்றது. டனிக்ளிஃப், நான்கு வயதுப் பெண் குழந்தை, இதயத்துக்கான சொட்டு மருந்து. குழந்தைக்கு ஏற்றபடி மியூரியல் அளந்து நீர்க்கச் செய்து கொடுத்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் தாய் சொன்னதைக் கேட்கக்கேட்க, எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. குழந்தை மூன்று வாரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

அன்றே குழந்தையை வார்டில் சேர்த்தார்கள். பாட்டிலைச் சோதித்ததில் மருந்து தூக்கலாகத்தான் இருந்தது. வாந்திக்கு அதுதான் காரணமா என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். நான்கு நாள் மருந்தை நிறுத்தியதும் குழந்தை ரொட்டியும் முட்டையும் கேட்டுச் சாப்பிட்டாள்.

மியூரியலின் வலக்கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, இனித் திரும்பாது என்று கண் டாக்டர் சொன்னார். அவளைக் கலவை அறையிலிருந்து எடுத்து, மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஜன்னலுக்குத் தாய் ஷீலா டனிக்ளிஃப் வந்தாள். இடுப்பில் குழந்தை. பார்கெட்டர் புதிதாகக் கலந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்த மியூரியல், அதை உடனே நீட்டவில்லை.

"முன்னாடி கொடுத்ததைக் கலக்குனது நான்தாம்மா. என் கண்ணு சரியில்லை. அது தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

ஷீலா அவளையே பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று மியூரியல் நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"நான் இவளை அடிச்சேன்" என்றாள் ஷீலா மெதுவாக. "சாப்பாடு பிடிக்காம வேணும்னே கக்குறான்னு. ரெண்டு தடவை. கன்னத்துல."

குழந்தை ஜன்னல் பலகையில் இருந்த மணியை அழுத்திப் பார்த்தாள். அது ஒலித்ததும் சிரித்தாள்.

"இது யாரு கலந்தது?"

"தலைமை மருந்தாளுநர். நான் தொடலை. இன்னொருத்தரும் சரி பாத்திருக்காங்க."

ஷீலா பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அதில் பார்க்க எதுவும் இல்லை; தெளிந்த மஞ்சள் நிறத் திரவம். பிறகு அதைப் பைக்குள் வைத்து, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

வரிசையில் அடுத்து நின்ற முதியவர் தன் மருந்துச் சீட்டை நீட்டினார். மியூரியல் அதை இடக்கண் பக்கமாகப் பிடித்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். சரிதானா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டாள்.