முதுகிடம் கேட்ட அனுமதி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மாமியாரின் காதுக் கருவிக்கு பேட்டரி வாங்க, பழுது பார்க்கும் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தாள். பாதி கோபம். மீதி, தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவளுக்கே கேட்காததால். கடை முழுக்கக் கேட்டது. பிறகு என் உதட்டைப் பார்த்துப் பார்த்து என்னிடமும் சொன்னாள். கேட்டுவிட்டுச் சும்மா வர என்னால் முடியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "ஏரி அன்று காலை கண்ணாடியைப் போல—"

வேண்டாம். ஏரிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொடக்கம் இரண்டு: "துடுப்புப் படகில் போகிறவர்களுக்கு நீர்புகா இடுப்புப் பை மிகவும் பயனுள்ள—"

இது விளம்பரம். ஆனால் பொய்யில்லை. அந்தப் பையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

3

அவள் வங்கியில் கேஷியர். (அடித்துவிடுங்கள். திங்கட்கிழமை முதல்தான் கேஷியர்.) அதுவரை பின்னறையில் காசோலை அடுக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஸ்டமர் பேசறது உனக்குக் கேக்குமாம்மா?" என்றே மேனேஜர் தட்டிக் கழித்து வந்தார். புதுக் காதுக் கருவிகள் வந்ததும் கண்ணாடிக்கு வெளியே அவரையே நிற்க வைத்துப் பேசச் சொன்னாள். அவர் சொன்னதையெல்லாம் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லி அந்த நாற்காலியை வாங்கினாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை அக்காள் குடும்பத்தோடு ஏரியில் படகு விடப் போனாள். கருவியில் தண்ணீர் படக் கூடாது; கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகவே இடுப்புப் பை வாங்கியிருந்தாள். வாங்கியதும் நம்பிவிடவில்லை. உள்ளே டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் போட்டு, மேலே கல்லையும் ஏற்றிப் பார்த்தாள். தாள் மொடமொடவென்று வெளியே வந்தது. அழுத்தி மூடும் பூட்டு இரண்டு, அதன்மேல் மடித்து ஒட்டும் பட்டை. மூன்றும் சரியாக இருந்தால் பை சொன்ன சொல் தவறாது.

(குறிப்பு: "அவ்வளவு முக்கியமான பொருளை வீட்டிலேயே வைத்திருக்கலாமே" என்று ஆரம்பிக்கிற புத்திசாலிகளுக்கு. வீட்டிலிருந்து ஏரி வரை அவள் யார் பேசுவதையும் கேட்காமல் வந்திருக்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு மேலே படியுங்கள்.)

"என் போனையும் இதுல போட்டுக்கம்மா, ஒரே ஒரு போன்தானே" என்றார் அக்காள் கணவர். அவளுக்கு மாமா, இனி நமக்கும். போனை வாங்கி வைத்தாள். கருவிகளைக் கழற்றி வைத்தாள். எல்லாவற்றையும் மூடி, துடுப்பு இடிக்காமலிருக்கப் பையை முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருவர் படகு. அவள் முன்னால், மாமா பின்னால். நடு ஏரியில் மாமாவுக்குத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. குனிந்து பையைத் திறந்து போனை எடுத்தார். பல்லைக் காட்டிப் படம் எடுத்தார். போனைத் திரும்பச் செருகி, ஒரு பூட்டைப் பாதி அமுக்கினார். பட்டையை மடிக்கவே இல்லை. லைஃப் ஜாக்கெட்டின் தடிமனில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் படகு வந்து இடித்து இவர்கள் படகு கவிழ்ந்தது. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, அவளுக்கும்தான். கரைக்கு வந்து பையைத் திறந்தாள். நீர்புகாப் பை வெளித் தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே போய்விட்ட தண்ணீரை வெளியேயும் விடாது. கருவிகள் இரண்டும் ஊறிக் கிடந்தன. மாமாவின் போனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாசமாய்ப் போக!

"யாரு இதைத் திறந்தது?"

"நான்தாம்மா. சொல்லிட்டுத்தானே திறந்தேன்! நீதான் கேக்கல."

சொன்னாராம். காது கேளாதவளின் முதுகைப் பார்த்துச் சொன்னாராம்!

4

பத்திரிகை ஆசிரியரிடம் இதுவரை படித்துக் காட்டினேன். "மாமாவை ஒரேயடியா வில்லன் ஆக்கிட்டீங்களே. கொஞ்சம் நல்லதும் போடுங்க" என்றார்.

போட்டுவிட்டால் போகிறது. படகு கவிழ்ந்ததும் மாமா முதலில் அவளைத்தான் பிடித்து ஏற்றினார். அவள் வீடு மாறியபோது பீரோவை மாடி வரை சுமந்தவரும் அவர்தான். நல்லவர். போதுமா? இதை எழுதியதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியதுதான் மிச்சம். கெட்டவராக இருந்திருந்தால் வீடே அவள் பக்கம் நின்றிருக்கும். நல்லவராகப் போனதால் அக்காள் அவளையே பிடித்துக்கொண்டாள்: "அவரு என்ன வேணும்னா செஞ்சாரு? ஒரு மிஷினுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, பிள்ளைங்க சந்தோஷத்தையும் கெடுக்கற." வெந்த புண்ணில் வேல்.

5

முடிவு அ: கருவிகளை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறாள். மறுநாள் காலை இரண்டும் உயிர்பெற்று—

பொய். கடைக்காரர் உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னதை நானே பார்த்தேன். ஒன்று போயே போய்விட்டது. இன்னொன்று பிழைத்தாலும் திரும்பி வரப் பல வாரம் ஆகும்.

முடிவு ஆ: மாமா கண் கலங்க, "மன்னிச்சிரும்மா" என்கிறார். அவள் மெல்ல—

இதையும் எழுத முடியாது. கடையில் அவளிடம் "எழுதிக்கட்டுமா?" என்று கேட்டபோதே சொல்லிவிட்டாள்: "எழுதுங்க. ஆனா கடைசில நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் போட்டீங்க, தேடி வந்து கிழிச்சுருவேன்."

முடிவு இ: பையை மாமாவின் முகத்தில் வீசி—

ஆசையாகத்தான் இருக்கிறது. பை என்ன பாவம் செய்தது?

6

அக்காள் வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கடையிலிருந்து கிளம்பினாள். கேட்டிருப்பாள். அக்காள் வீட்டுக் கூடம். எல்லோரும் இருக்கிறார்கள். நீங்களும் உள்ளே வாருங்கள், சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலிலேயே நின்றால் எப்படி?

"மாமா, திங்கட்கிழமை என்கூட பேங்குக்கு வாங்க. நான்தான் திறந்தேன், இவ மேல தப்பில்லைன்னு மேனேஜர்கிட்ட உங்க வாயால சொல்லுங்க. மிஷின் வர்ற வரைக்கும் அந்த சீட்டை வேற யாருக்கும் குடுக்க வேண்டாம்னு கேளுங்க. இல்லேன்னா என்னை மறுபடி பின்னறைக்கு அனுப்பிருவாங்க."

மாமா டிவியைப் பார்த்தபடியே ஏதோ சொல்கிறார். கூடமே சிரிக்கிறது. அக்காளும் சிரிக்கிறாள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து எழுதுகிறேன். அங்கிருந்து அவர் உதடு தெரியவில்லை. அவருக்காக ஒரு நல்ல வசனத்தை நான் எழுதிக் கொடுக்கவும் மாட்டேன். உங்களுக்குக் காது கேட்கிறது. உங்களுக்குக் கேட்டிருக்கும்.

அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல, விடு" என்று மட்டும் வாயைத் திறந்தீர்களோ, உங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.