மொரிதா வீட்டில் மூன்றாவது பிரஷ்

தங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் குண்டலுபேட்டைக்குப் போவதென்றாலும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முரளிதரன் வீட்டில் பஸ் ஏறுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை, அவன் வேலை பார்த்த மைசூர்த் தொழிற்சாலை ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானில் நகோயாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஹனூரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அங்கெ நமக்கு யாரு சாமி இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்பறம் எதுக்குப் போறே?" என்று வைத்துவிட்டாள்.

அம்மா தலையாட்டாமல் அவன் விமானம் ஏறமாட்டான். ஆகவே போவதற்குள் ஜப்பான்காரர் ஒருவரையாவது சிநேகம் பிடித்தாக வேண்டும். மைசூர் லட்சுமிபுரத்தில் நகோயாக்காரர் மொரிதா என்பவரும் அவர் மனைவி யோஷிகோவும் யோகா படிக்க வந்து குடியிருந்தார்கள். மாலை வகுப்பில் கற்ற அரைகுறை ஜப்பானிய மொழியையும் ஒரு பெட்டி மைசூர்பாகையும் நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கதவைத் தட்டினான். தேநீர் கொடுத்தார்கள். பேச்சு நன்றாகவே போயிற்று.

கிளம்பும்போதுதான் சங்கடம். வகுப்பில் சொல்லித் தந்த 'சயோனாரா' அவன் காதில் 'போறேன்' என்றே விழுந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று போறேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நல்லவேளை, அகராதியில் வேறொன்று தேடி வைத்திருந்தான். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன்.

"இத்தே கிமாஸ்!" என்றான் கணீரென்று.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யோஷிகோ மெல்லக் குனிந்து, "இத்தேராஷ்ஷாய்" என்றாள். போயிட்டு வா! ஜப்பான்காரர்களும் நம்மைப் போலத்தான் என்று அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு போனபோது குளியலறையில் இரண்டு பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் மூன்றாவது ஒன்று நின்றது. நடு அறையில் மெத்தை விரித்திருந்தார்கள். அவர்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது, மறுத்தால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயந்து படுத்தான். அதன்பின் பாதி நாள் அங்கேதான். புதன்கிழமை குப்பை கொட்டுவது அவன் முறை என்று ஆயிற்று. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து தாமதமாகப் போனால், யோஷிகோ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணே இல்லாத வூட்டுல வூட்டோட மாப்பிள்ளையாப் போனவன் நீ ஒருத்தன்தாம்ப்பா" என்றான் அறைத்தோழன் கெம்பையன்.

வகுப்பு டீச்சர் சொர்ணலதாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லி விசாரித்தான். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தே கிமாஸ்ங்கறதை அவங்கவங்க சொந்த வீட்லேர்ந்து கிளம்பறப்பதான் சொல்வாங்க. நீ அங்கேயே குடியிருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கே!"

உண்மையைச் சொன்னால் நகோயாவுக்கென்று கிடைத்த ஒரே உறவும் போய்விடும். சொல்லாவிட்டால் பிரஷ் உறுத்தும். அன்று மாலையே போய்த் தலைகுனிந்து சொன்னான்: "நான் இந்த வீட்டு ஆள் இல்லை."

மொரிதாவும் தலைகுனிந்தார். "தேநீர் குடித்தவர் குடிவருவது மைசூர் வழக்கம் என்று நினைத்தோம். மறுத்தால் உங்கள் மனம் புண்படுமே!"

எல்லோரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். முரளிதரன் வாசலுக்கு வந்தான். சயோனாரா வாயில் வரவில்லை, மற்றதைச் சொல்ல இனி உரிமையில்லை. எதையும் சொல்லாமல் கிளம்பத் தெரியாமல், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றான். தெருவிளக்கு எரியத் தொடங்கியது.

கடைசியில் யோஷிகோதான் நீலப் பிரஷ்ஷைக் கொண்டுவந்து அவன் சட்டைப்பையில் செருகினாள். "நகோயாவில் எங்கள் அத்தைக்கு எழுதிவிட்டோம். உன் அறை தயார். அங்கேயும் புதன்கிழமைதான் குப்பை. இத்தேராஷ்ஷாய்."

அவன் நேராக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான்.

"அம்மா, அங்கெ நமக்கு வீடே இருக்கு. குப்பைகூட நாந்தான் கொட்டணுமாம்."



"வேலை சொல்றாங்கன்னா நம்ம சனந்தான்" என்றாள் அம்மா. "போயிட்டு வா சாமி."