அலை அடங்கும் இடம்

இரண்டு தந்திகளுக்கும் நடுவே ஒலி ஆடிக்கொண்டிருக்கிறது, தரையில் வைத்த வட்டில் நிற்பதற்கு முன் ஆடுவதுபோல, உலகம்மை தம்புராவின் பிருடையை மெல்லத் திருகுகிறாள், ஒரே சுரத்தில் நிற்க வேண்டிய தந்திகள் மயிரிழை விலகினாலும் இந்த அலை வரும், நெருங்க நெருங்க மெதுவாகும், சேர்ந்தால் அடங்கும், கல்யாணமான புதிதில் அடுக்களை வாசலில் நின்று சிதம்பரநாதன் தன் குரலையும் அந்தத் தந்தியோடு சேர்ப்பார், அல அடங்கிட்டா பாருட்டி என்பார், அடங்கிட்டு அத்தான் என்பாள், எது தந்தி எது புருஷன் என்று தெரியாது, இந்தச் சுகத்துக்காகவே ஆயுசு முழுக்க மேடையில் அவர் முதுகைப் பார்த்து உட்காரலாம் என்று தோன்றியது, உட்கார்ந்தும் விட்டாள்.

தொண்டையில் கட்டி அறுத்த பிறகுதான் குரல் தந்தியை எட்டாமல் கீழேயே நின்றது, ஒன்றரைக் கட்டைச் சுருதிய எறக்கித்தான் பாடணும்னா பாட்டையே விட்டுருவேன் என்று மனுஷர் மீசையை முறுக்கினார், பாட்டை விட்டால் அவர் என்ன ஆவார் என்று அவளுக்கல்லவா தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் கச்சேரிக்குக் கச்சேரி இழையளவு இறக்கினாள், பக்கவாத்தியக்காரர்களும் கூட்டுக் களவாணிகள், குரல் திரும்பிட்டு பாத்தியா என்று, தந்தியை எட்டிய முதல் நாள் அவர் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார், அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள்.

இன்று வழக்கமானவருக்குப் பதிலாக வந்த வயலின்காரர் பரமகுரு, விஷயம் தெரியாதவர், சபைக்கு முன்னால் வில்லை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயா, ஒன்றரைன்னு சொன்னாங்க, இது ஒரு கட்டைல்லா இருக்கு என்கிறார், சிதம்பரநாதன் திரும்பவில்லை, முதுகு மட்டும் விறைக்கிறது, ஏத்து என்கிறார், ஏற்றுகிறாள், அவர் சட்ஜத்தைப் பிடிக்கிறார், குரல் ஏறி ஏறிப் பார்த்து எட்டாமல் நிற்கிறது, தந்திக்கும் அவருக்கும் நடுவே அலை மண்டபம் முழுக்க அடிக்கிறது, முன்வரிசை தலை குனிகிறது, ஒரு திருகு திருகினால் போதும், கை பிருடை வரைக்கும் போகிறது, இனி களவு வேண்டாம் என்று இழுத்துக்கொள்கிறாள், போச்சு, இத்தோடு எழுந்துவிடுவார், நான்தான் அவரைக் கொன்றேன் என்று நினைக்கிறாள்.

அவர் நிறுத்தினார், மேடையில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார், முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், முகம் வெளிறியிருந்தது, இத்தனை நாளும் எனக்காவ எறக்கினியோ என்றார், ஆமா அத்தான் என்றாள், அவர் தம்புராவைப் பார்த்தார், சரி, எறக்கு, நான் நிக்க எடத்துக்கு நீ வா என்று கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சட்ஜத்தைப் பிடித்தார், எல்லோரும் பார்க்க அவள் இறக்கினாள், அலை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, கண்ணீரில் பிருடை தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது, அலை அடங்கிய பிறகும் அவர் சபையின் பக்கம் திரும்பவில்லை, அவளைப் பார்த்தபடியே பாட்டைத் தொடங்கினார்.